மலையேறிய ஒரு தேங்காய்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் எங்கள் நில அளவை அலுவலகத்தில் என் பெயர் அடிபடுகிறது என்று கேள்விப்பட்டபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. எதற்காக அடிபடுகிறது என்று தெரிந்ததும் பெருமை இறங்கிவிட்டது.

சொன்னவள் ஷாமளா. அதே அலுவலகத்தில் இப்போது சர்வேயர். மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னக் கருவியோடு வந்தாள். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கேட்டு, நாம் நிற்கும் இடம் இன்னது என்று அது சொல்லிவிடுமாம். கையில் வாங்கிப் பார்த்தேன். எங்கள் காலத்தில் கோணம் அளந்த தியோடலைட் முக்காலியின் ஒரு காலுக்கு வராது அதன் எடை. அடுத்த வாரம் அவள் நேப்பாளத்துக்கு மலையேறப் போகிறாள், மூன்று வாரப் பயணம். அதற்காக அன்றுதான் வாங்கிக் கட்டிய பையையும் காரிலிருந்து இறக்கிக் காட்டினாள். என் மனைவி அதைத் தூக்க முயன்று பாதியில் கீழே வைத்துவிட்டு, "இதை நீ தூக்கிட்டுப் போறியா, இல்ல இது உன்னைத் தூக்கிட்டுப் போகுதா?" என்று கேட்டாள்.

ஷாமளா சளைக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "நானாவது சார்ஜரு, ஜாக்கெட்டுன்னு உருப்படியா எடுத்துட்டுப் போறேன் அங்கிள். நீங்க ஒரு மூட்டைத் தேங்காயைத் தூக்கிட்டு மலை ஏறப் போயி போலீஸ்ல மாட்டினீங்களாமே? ஆபீஸ்ல எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க" என்றாள்.

ஒரு மூட்டை இல்லை, நான்கு தேங்காய். அதிலும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்றே ஒன்று. போலீஸ் எங்களைப் பிடிக்கவும் இல்லை, சிரித்தது, அவ்வளவுதான். இப்படியே விட்டால் நாளைக்கு ஒரு லாரித் தேங்காய் என்பார்கள். அதற்குள் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

என் அப்பா செங் என்ற ஊர்ப் பக்கத்தில் ரப்பர் மரம் சீவியவர். எனக்குப் பால் வாளி வேண்டாம் என்று அவர் யாரையோ பிடித்து, யாரோ யாரையோ பிடித்து, நான் செயின்மேன் ஆனேன். நிலத்தை அளக்கும் இரும்புச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் போகிற வேலை. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பவனும் செயின்மேன்தான், ஆனால் அவன் சீனியர். நான் சீனியர் ஆகிற வரைக்கும் பட்ட அட்டைக் கடியையும் முள்ளுக் குத்தையும் சொல்லி யாரையும் அறுக்கப் போவதில்லை. சீனியர் ஆன கையோடு என்னை மலைக்குப் போகும் குழுவில் போட்டார்கள். அங்கேதான் அம்பலவாணரிடம் வந்து சேர்ந்தேன்.

அம்பலவாணர் எங்கள் குழுவின் சர்வேயர், யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட, முழங்கால் வரை வரும் வெள்ளைக் கால்சட்டை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. சமையல்காரரிலிருந்து மேலதிகாரி வரை எல்லோரும் அவருக்கு 'நீர்'தான். திட்டும்போதும் அந்த மரியாதை குறையாது, அதனாலேயே திட்டு இரண்டு மடங்கு உறைக்கும். முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'தராசு'.

காரணம் இருந்தது. சாமான் அறைக்கு வெளியே உத்தரத்தில் ஒரு கொக்கித் தராசு தொங்கும். மலைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் குழுவில் இருக்கும் ஒவ்வொருவனும் தன் பையைக் கொண்டுவந்து அதில் மாட்ட வேண்டும். கருவி, சிமெண்டு, அரிசி எல்லாவற்றையும் காட்டுப் பழங்குடிகளான ஓராங் அஸ்லி ஆட்கள் சுமந்து வருவார்கள். அவனவன் சொந்தப் பை அவனவன் முதுகில். அது இருபது ராத்தலைத் தாண்டக் கூடாது. ஒருவன் மலையில் களைத்து விழுந்தால் அவன் பாரம் அடுத்தவன் முதுகில் ஏறும், அடுத்தவனும் விழுவான் என்பது அவர் கணக்கு. முள் இருபதைத் தாண்டினால் பையைத் தரையில் விரித்த கித்தான் மேல் கொட்டச் சொல்வார். பிறகு ஒவ்வொரு சாமானையும் விரல் நுனியால் தூக்கி, ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்:

"இது இல்லாட்டில் செத்துப்போவீரோ?"

முதல்முறை நான் மாட்டிய பையை நினைத்தால் இப்போதும் எனக்கே சிரிப்பு வருகிறது. தலைக்கு வைக்கும் எண்ணெய் ஒரு போத்தல், முகம் பார்க்கும் கண்ணாடி, பவுடர் டப்பா, நாலு சட்டை, போதாததற்கு ஒரு தலையணை. காட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று யோசிக்கிற வயதா அது? அம்பலவாணர் எண்ணெயை எடுத்துத் தனியே வைத்தார், கண்ணாடியை எடுத்து வைத்தார், பவுடரை முகர்ந்து பார்த்துவிட்டு எடுத்து வைத்தார். தலையணைக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இது இல்லாட்டில் செத்துப்போவீரோ?"

"தூக்கம் வராது சார்."

"தூக்கம் வராமல் செத்த ஒருத்தனைக் காட்டும், நான் ரெண்டு தலகாணி தாறன்."

தலையணை சாமான் அறைக்குள் போனது.

அவர் மூட்டை கட்டுகிற முறையை நாங்கள் எவ்வளவு கேலி செய்தாலும் மலையில் ஏறும்போது அது சரிதான் என்று முதுகு சொல்லிவிடும். பாரமானது பைக்கு அடியில் போகாது, தோளுக்குப் பக்கத்தில், முதுகை ஒட்டி இருக்க வேண்டும். துண்டை இரண்டாகக் கிழித்து இருவருக்குக் கொடுப்பார். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியில் அறுத்துவிடுவார். சோப்பை நூலால் அறுத்துப் பங்கு போடுவார். தீக்குச்சி மெழுகு பூசிய டப்பாவில் போகும். கண்ணாடிப் போத்தல் எதுவும் கூடாது. சட்டை இரண்டு, ஒன்று நடக்க, ஒன்று தூங்க. தூங்குகிற சட்டை எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும் என்பதால் காலையில் எழுந்ததும் அதைக் கழற்றிவிட்டு, முந்தின நாள் நனைந்த சட்டையையே திரும்பப் போட வேண்டும். மலைக் குளிரில் ஈரச் சட்டைக்குள் கையை விடுகிறபோது நாங்கள் அவரைச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

எதிலும் மாற்றுக்கு என்று இன்னொன்று எடுக்கவிட மாட்டார். "ஸ்பேர் எண்டது பயந்தவன்ர பாரம்" என்பார். ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் விலக்கு. வரைபடத் தாள். மலை உச்சியில் பலகையைப் பொருத்தி, கண்ணுக்குத் தெரிகிற சிகரம், ஆறு, பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் திசை பார்த்து அந்தத் தடித்த வெள்ளைத் தாளில்தான் குறிப்பார். அது நனைந்தால் வாரக்கணக்கான வேலை நனைந்ததாக அர்த்தம். அதனால் தகரக் குழாய் ஒன்றில் இரண்டு தாள் வரும். ஒன்று வேலைக்கு, ஒன்று ஸ்பேர். அந்தக் குழாயை அவர் மட்டும்தான் சுமப்பார், அவர் மட்டும்தான் திறப்பார். ஒருமுறை நான் தாளின் ஓரத்தைத் தொட்டுவிட்டேன் என்று என் விரலை ஒரு குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இனி கோபால் பிள்ளைக்கு வருகிறேன். எங்களில் இன்னொரு செயின்மேன். மலாக்காச் செட்டி. காஜா பேராங்கில் அவர்கள் குடியிருப்பான கம்போங் என் வாடகை அறைக்கு அடுத்த சந்து. பல தலைமுறைக்கு முன்பே கப்பலில் வந்து இந்த மண்ணில் பெண் எடுத்தவர்கள். நெற்றியில் திருநீறு, பெயரில் பிள்ளை, வாயைத் திறந்தால் மலாய். 'சாமி' என்பதும் 'பொங்கல்' என்பதும் போல ஏழெட்டுச் சொல்தான் அவனிடம் இருந்த தமிழ். என்னிடம் இருந்த மலாயும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்து ஓர் ஆயுள் காலம் பேசி முடித்துவிட்டோம். அவன் மலாயில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவன் அப்பா எங்கள் அலுவலகத்திலேயே பியூன். எல்லோருக்கும் அவர் பெரிய பிள்ளை. காலையில் தேநீர் கொடுத்து, பகலில் எங்கள் தட்டுகளைக் கழுவி வைத்து, காட்டிலிருந்து திரும்புகிறவனை வாசலிலேயே நிறுத்தி, அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து உள்ளே விடுகிற மனிதர். யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் ஒரு பலகாரப் பொட்டலம் அவரிடமிருந்து வந்துவிடும். மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு சுதந்திரம் பெற்ற நாளுக்கு, அலுவலக முகப்பில் புதுக் கொடியைக் கட்டியது அவர்தான். அடுத்த மாதமே இறந்துபோனார்.

போகியன்று செட்டி வீடுகளில் பர்ச்சு என்று ஒரு படையல் உண்டு. வீட்டின் இறந்தவர்களுக்கு வாழையிலை விரித்து, அவர்கள் இருந்தபோது எதை ஆசையாகத் தின்றார்களோ அதை வைத்துக் கூப்பிடுவார்கள். கோபால் வீட்டு வழக்கப்படி, இறந்த முதல் வருஷம் மகன் தன் கையால் தண்ணீர் தெளித்து, பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அவன் ஒரே மகன். அழைக்காவிட்டால் அப்பா வாசல்வரை வந்து, நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார் என்று அவன் அம்மா நம்பினாள். அவனும் நம்பினான்.

அந்த வருஷம் பார்த்து எங்கள் குழுவுக்கு மார்கழியும் தையும் சேரும் சமயத்தில் மலைப் பயணம் விழுந்தது. நாடு புதிது, வரைபடமும் புதிதாக வேண்டும். பகாங் மாநிலப் பக்கத்து மலைத்தொடரில் ஓர் உச்சியில் அளவைத் தூண் கட்டிவிட்டு வர வேண்டும். போக, வர, மேகம் விலகக் காத்திருக்க என்று பல வாரம். போகி நடுவில் வந்தது. கோபால் அப்போது தற்காலிக ஆள்தான். வரவில்லை என்றால் அவன் இடத்துக்கு ஒருவன் தயாராக நின்றான். அவன் அம்மா யோசித்து ஒரு வழி சொன்னாள். "நீ இருக்கிற இடத்திலிருந்தே கூப்பிடு. அவர் வருவார். ஆனால் தேங்காய்ப்பால் சோறு வைக்காமல் கூப்பிடாதே. வந்து ஏமாந்து போவார்."

ஆகவே அந்த முந்தின நாள் கோபாலின் பை கொக்கியில் ஏறியபோது முள் இருபதைத் தாண்டி வெகுதூரம் போனது. கித்தானில் கொட்டினான். உரித்த தேங்காய் ஒன்று, பித்தளைச் சாம்பிராணித் தட்டு, ஒரு டின் மிளகாய்ச் சம்பால், அப்பா குடிக்கும் இலைச் சுருட்டு ஒரு கட்டு. அம்பலவாணர் தேங்காயைத் தூக்கினார்.

"இது இல்லாட்டில் செத்துப்போவீரோ?"

கோபாலுக்கு அந்தக் கேள்வியளவுக்குத் தமிழ் தெரியும். எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். மெல்லச் சொன்னான்:

"சாய தா மாத்தி, துவான். பாபாக் சாய யாங் சுடா மாத்தி."

நான் சாக மாட்டேன் ஐயா, செத்தது என் அப்பா.

நாங்கள் நால்வர் சுற்றி நின்றோம். நான், சமையல்காரர் குப்புசாமி அண்ணன், மலாய்க்கார யூசோப், கருவி தூக்கும் ஆ லிம். அம்பலவாணர் கொஞ்ச நேரம் தேங்காயைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு எடுத்து வைத்தார். பித்தளைத் தட்டு போனது, சம்பால் டின் போனது. சுருட்டுக் கட்டை மட்டும் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, "இது பாரமில்லை, வையும்" என்று திருப்பிக் கொடுத்தார். கோபால் பையைக் கட்டினான். எனக்கு அன்று அந்த மனிதர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தேங்காய் என்ன பெரிய மலையா?

அன்று மாலை நான் கடைக்குப் போய், யாருக்கும் தெரியாமல் ஒரு தேங்காய் வாங்கினேன். எடை பார்த்தாகிவிட்டது, இனி யார் பார்க்கப் போகிறார்கள்? தூங்குகிற சட்டைக்குள் சுற்றிப் பையின் நடுவில் வைத்தேன். உலகத்தில் இந்த யோசனை தோன்றிய ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்போது கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு எதிரான அவசரகாலம் முடியவில்லை. காட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று ஒரு பிடி அரிசிக்கும் அனுமதி வேண்டும். மலையடிவாரத்துக் கடைசிப் போலீஸ் நிலையத்தில் லாரியை நிறுத்தி, எங்கள் அனுமதிப்படி சாமான் சரியாக இருக்கிறதா என்று சோதித்தார்கள். அரிசி சரி, கருவாடு சரி. பிறகு சார்ஜன், எங்கள் சொந்தப் பைகளையும் திறக்கச் சொன்னார். நான் என் பையை மெல்லப் பின்னால் தள்ளி வைத்தேன்.

முதலில் யூசோப்பின் பை. அதிலிருந்து ஒரு தேங்காய் உருண்டது. நான் திகைத்துப் போனேன். அடுத்து ஆ லிம். தேங்காய். குப்புசாமி அண்ணன் தானாகவே தன்னுடையதை எடுத்துக் கொடுத்துவிட்டார். என் சட்டைக்குள்ளிருந்து என்னுடையதும் வந்தது. மேசை மேல் நாலும் வரிசையாக இருந்தன. கோபாலின் பையில் மட்டும் எதுவும் இல்லை. அவன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றான்.

சார்ஜன் அனுமதிச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் தேங்காய் என்ற பேச்சே இல்லை.

"இது என்ன, ஆளுக்கு ஒரு தேங்காய்? காட்டில் யாருக்குச் சமைக்கப் போகிறீர்கள்?" என்று மலாயில் கேட்டார். குரலில் சிரிப்பு இல்லை.

யூசோப்தான் பதில் சொன்னான். "செத்துப்போன ஒருவருக்கு, துவான். இவன் அப்பா."

"செத்தவர் ஒருவர்தானே?"

"ஒருவர்தான்."

"அவருக்கு நாலு தேங்காயா?"

இப்போது சார்ஜன் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததைப் பார்த்துக் கான்ஸ்டபிள்களும் சிரித்தார்கள். சிரிக்காதவர் அம்பலவாணர் ஒருவர்தான். அவருடைய பையையும் திறந்து பார்த்தார்கள். அதில் அரை ராத்தல் ஒளித்திருந்தால்கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றுமே இல்லை. பாதித் துண்டு, பாதி பிரஷ், இரண்டு சட்டை.

அவர் மேசை அருகே வந்தார். எங்கள் மானம் கப்பலேறப் போகிறது என்று நின்றோம்.

"நீங்கள் ஒருத்தரும் சாகமாட்டியள். ஆனால் நாலு பேரும் நாலு தேங்காயோட ஏறினால் ஒருத்தராவது விழுவியள். செத்த மனுசன் ஒருத்தர். ஒரு தேங்காய் காணும்" என்றார்.

சொல்லிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? நிலையத்துத் தராசை வாங்கி, நாலையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். இருந்ததில் இலேசான தேங்காயை எடுத்துக் கோபாலிடம் கொடுத்தார். அது யூசோப்புடையது. எங்கள் மூவருக்கும் கொஞ்சம் வருத்தம்தான். மற்ற மூன்றையும் சார்ஜனிடம் விட்டுவிட்டார். அன்று அந்த நிலையத்தில் நல்ல குழம்பு வைத்திருப்பார்கள். சார்ஜன் அனுமதிச் சீட்டில் ஒரு தேங்காயைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

ஏறினோம். நாளுக்கு ஒருவர் அந்தத் தேங்காயைச் சுமந்தோம். சுமக்கிறவனுக்கு அன்று தனி மரியாதை. வழுக்குப் பாறையில் நான் கால் இடறியபோது குப்புசாமி அண்ணன் மேலிருந்து கத்தினார்.

"டேய் ராஜு, தேங்கா பத்திரமாடா?"

நான் பத்திரமா என்று கேட்கவில்லை.

உச்சிக்குக் கீழே ஓராங் அஸ்லி ஆட்கள் சாமானை இறக்கி வைத்துவிட்டு, பிறகு வந்து அழைத்துப்போவதாகச் சொல்லி இறங்கிவிட்டார்கள். மேலே நாங்கள் ஆறு பேர், மேகம், குளிர். தூணைக் கட்டினோம். அம்பலவாணர் பலகையைப் பொருத்தி மேகம் விலகுகிற நேரம் பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டிருந்தார். மற்ற நேரமெல்லாம் தாள் குழாய்க்குள், குழாய் அவர் கையில்.

போகி வந்தது. குப்புசாமி அண்ணன் விடியலிலேயே எழுந்துவிட்டார். தேங்காய்த் துருவியை மலாக்காவிலேயே தராசுக்குப் பலி கொடுத்திருந்தார். ஒரு டின் மூடியை ஆணியால் பொத்துப் பொத்துத் துருவியாக்கினார். விரல்களிலும் கொஞ்சம் துருவிக்கொண்டார். பால் பிழிந்து சோறு வைத்து, கருவாட்டை வறுத்தார். அந்தக் குளிர்ந்த உச்சியில் தேங்காய்ப்பால் சோற்று வாசனை வந்தபோது எனக்கு மலாக்காவே மேலே ஏறி வந்ததுபோல் இருந்தது. ஆ லிம் ஒரு டின் மூடியில் கரி வைத்துச் சாம்பிராணித் தட்டுக்குப் பதிலாக நீட்டினான். கோபால் குளித்து, உலர்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். சோற்றுப் பானை முன்னால் உட்கார்ந்தான். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தான்.

"டாவுன் பீசாங்?" என்று கேட்டான். வாழையிலை?

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காஜா பேராங்கில் எந்த வீட்டுப் பின்புறத்தில் வாழை இல்லை? சாப்பிட வேண்டும் என்றால் கத்தியை எடுத்துக்கொண்டு பின்னால் போனால் சரி. வாழையிலையைப் பையில் வைக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் பிறந்த எவனுக்குத் தோன்றும்? ஆளுக்கு ஒரு தேங்காயை நினைவாக வாங்கியிருந்தோம், எடையே இல்லாத இலையை ஒருவரும் நினைக்கவில்லை. சுற்றிலும் பார்த்தோம். பாசி பிடித்த குட்டை மரங்கள், கட்டை விரல் அளவு இலைகள். வாழை இருக்கிற உயரத்துக்கு இறங்கி ஏற அன்று ஒரு நாள் போதாது.

குப்புசாமி அண்ணன் எனாமல் தட்டு ஒன்றைத் துடைத்து நீட்டினார். "இதுல வைப்பா. சாமி கோவிச்சுக்காது."

கோபால் அதை வாங்கித் திருப்பினான். பின்புறம் அலுவலக எண் கறுப்பு மையில் எழுதியிருந்தது. ஆயுள் பூராவும் இந்தத் தட்டுகளைக் கழுவியவர் அப்பா, இதில் அவருக்குச் சோறு போட மாட்டேன் என்றான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரம் தூக்கி வந்தும் அந்த மனிதர் வாசலில் நின்று திரும்பப் போகிறாரே என்று இருந்தது.

அம்பலவாணர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூடாரத்துக்குள் போனார். தகரக் குழாயோடு வெளியே வந்தார். மூடியின் மெழுகைக் கத்தியால் சுரண்டி, உள்ளேயிருந்து ஸ்பேர் தாளை இழுத்தார். எங்கள் ஒருவன் விரல் படவும் விடாத தாள். அதைக் கோபாலின் முன்னால் மண்டியிட்டு விரித்தார். சுருண்டு சுருண்டு எழுந்த நாலு மூலைக்கும் தானே நாலு கல் பொறுக்கி வைத்தார்.

"இது ஆபீஸ் சாமான்தான். ஆனால் இதில இன்னும் ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்லை. பெரிய பிள்ளை வந்து இருக்கட்டும்" என்றார்.

அதை நான் எனக்குத் தெரிந்த மலாயில் கோபாலுக்குச் சொன்னேன். அவன் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

குப்புசாமி அண்ணனுக்குத்தான் வாயைக் கட்ட முடியாதே. "அய்யா, இன்னொரு தாளு நனைஞ்சு கெட்டுப்போச்சுன்னா? இவ்ளோ நாளு வேலையும் போயிடுமே?"

அம்பலவாணர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நனைஞ்சால் நான் செத்துப்போவனோ?"

கோபால் அந்த வெள்ளைத் தாளில் சோற்றை வைத்தான். கருவாட்டை வைத்தான், சுருட்டை வைத்தான். தண்ணீர் தெளித்து, அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். சுருட்டுக் கட்டுக்குள் மடித்துக் கொண்டுவந்த சாம்பிராணியின் புகை மேகத்தோடு கலந்துவிட்டது. பெரிய பிள்ளை வந்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் முஸ்லிமான யூசோப்பும் அன்று எங்களோடு தலைகுனிந்து நின்றான். தன் தேங்காயாயிற்றே, எப்படி நிற்காமல் இருப்பான்? பிறகு எல்லோரும் அந்தச் சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

எண்ணெய் படிந்த தாளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தான் கோபால். அம்பலவாணரின் பார்வை அதன் மேல் விழுந்தது. கேள்வி வருவதற்குள் அவனே சிரித்துவிட்டான். கொண்டுபோய்த் தூணின் அடியில் கல்லுக்குள் செருகினான். இன்றைக்கும் அந்த உச்சியில், நாட்டு வரைபடத்தின் ஒரு புள்ளிக்குக் கீழே, தேங்காய்ப்பால் சோற்றுக் கறை இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அம்பலவாணர் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். சாகமாட்டேன் என்று சொன்ன மனிதர் குழாயைக் கட்டிக்கொண்டு தூங்கினார். மழை வந்தால் தன் போர்வையை அதற்குப் போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது ஆறு பெருகியிருந்தது. கழுத்தளவு தண்ணீரில் குழாயைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவர் நடக்க, நாங்கள் நால்வரும் அவரைப் பிடித்துக்கொள்ள, ஆ லிம் பின்னாலிருந்து கத்தினான்: "பொஸ், பேப்பர் ஓகே லா?" அவர் பத்திரமா என்று அவனும் கேட்கவில்லை. தாள் ஒரு துளி நனையாமல் மலாக்கா வந்து சேர்ந்தது. கோபால் அந்த வருஷமே நிரந்தரமானான்.

அம்பலவாணர் ஓய்வு பெற்றபின் யாழ்ப்பாணம் திரும்பவில்லை. மலாக்காவிலேயே, புக்கிட் காதில் என்ற பகுதியில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். போய்ப் பார்த்தால் இரண்டு நாற்காலி இருக்கும். மூன்று பேராகப் போனால் ஒருவர் நிற்க வேண்டும். ஒரு வருஷம் மழை முடிகிற நேரத்தில் அவரும் போய்விட்டார். கூப்பிட மகன் இல்லை.

அந்தப் போகிக்குக் கோபால் என்னை வீட்டுக்கு வரச் சொன்னான். அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் இன்னோர் இலை விரித்திருந்தான். யாருக்கு என்று கேட்கத் தேவையில்லை.

"ராஜு, அவருக்கு என்ன பிடிக்கும்?"

நானும் யோசித்தேன். இத்தனை வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறோம். எது கொடுத்தாலும் தின்பார். இது வேண்டும், இது பிடிக்கும் என்று ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஆசைகளையும் தராசில் போட்டு எடுத்து வைத்துவிட்டாரோ என்னவோ. தெரியாததால் கோபால் கையில் கிடைத்ததையெல்லாம் வைத்திருந்தான். நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு, கோழி, கருவாடு, டோடோல் என்னும் தேங்காய் அல்வா, நாலு வகைக் குவேப் பலகாரம், பழம், பிஸ்கட் டின். இலை தெரியவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டின்னை விரல் நுனியால் தூக்கி, அவர் குரலில் கேட்டேன்: "இது இல்லாட்டில் செத்துப்போவீரோ?"

கோபால் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு இருவருமாக ஒவ்வொன்றாக எடுத்தோம். டோடோல் போனது. கோழி போனது. குவேயும் பழமும் போயின. கடைசியில் தேங்காய்ப்பால் சோறும் ஒரு துண்டுக் கருவாடும்தான் மிஞ்சின. அன்று மலையில் அவர் சாப்பிட்டது. அதுதான் சரி என்று பட்டது.

தண்ணீர் தெளிக்கப் போன கோபால் நிறுத்தினான். கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். புதிதாக ஓர் இலை அறுத்து வந்தான், கழுவினான், சுருட்டினான், சோற்று இலைக்குப் பக்கத்தில் வைத்தான். அது என்ன என்று நான் பார்த்தேன்.

"ஸ்பேர்" என்றான்.

நான் அழுதுவிட்டேன். அவனும்தான். இருவருமாகச் சேர்ந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். அந்தச் சுருட்டிய இலையை மட்டும் அவர் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பாரமில்லை, வையும்" என்றுதான் சொல்லியிருப்பார்.